காசு கொடுத்து வளர்த்த கறை

எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர். வாளி, குழாய், குளியலறைச் சுவர் என்று எதில் பட்டாலும் வெள்ளையாக உப்பு படியும். அதைத் தேய்த்து எடுக்க என் மனைவி மாதாமாதம் ஆசிட் வாங்குகிறாள். அதே வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள் சுண்ணாம்பு படியவேண்டும் என்று நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். என் சுண்ணாம்பு ஊதா நிறம் என்று சொல்லிப் பார்த்தேன். "பாத்ரூம்லயும் கொஞ்சம் கலர்ப்பொடி தூவி விடுங்களேன், உங்க ஆசை தீரும்" என்றாள்.

அந்த ஊதாச் சுண்ணாம்பைக் கட்டுவது கோரலைன் என்ற பாசி. சிவப்புப் பாசி வகை. பாசிக்குரிய வழுக்கலோ ஆட்டமோ இதற்குக் கிடையாது. கடல்நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத் தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பாகப் பூசிக்கொண்டு, கல்லோடு கல்லாக ஒட்டிவிடும். பவளத்திட்டுகளில் உடைந்த துண்டுகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் கொத்தனார் இதுதான். உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், மீனைக் காட்டமாட்டார். கல்லில் ஊதா ஏறியிருப்பதைக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

என் கல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. ராமநாதபுரத்து மச்சினன் மனமிரங்கி, "மச்சான், மண்டபத்துப் பக்கம் ஊதாக் கல்லு சும்மா கெடக்கு, ஒரு சாக்கு அள்ளிட்டு வரட்டா?" என்று போன் செய்தான். மன்னார் வளைகுடாவில் கைவைப்பதா? 2001-லேயே பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புலி அடித்தவனும் பவளக்கல் எடுத்தவனும் ஒரே அறையில் உட்காரவேண்டிவரும் என்றேன். "அப்ப கருவாடு மட்டும் கொண்டாரேன்" என்று வைத்துவிட்டான்.

கடைக்காரர் வேறு யோசனை சொன்னார். இந்த லைட் போதாது, பெரிது வாங்கவேண்டும். விலையைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி எழுந்துவிட்டான். 1984-இல் பஹாமாஸ் பக்கம் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் 268 மீட்டர் ஆழத்தில் கோரலைன் பாசியைப் பார்த்திருக்கிறார்கள். மேலே அடிக்கிற வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அங்கே எட்டாது. ஆழம்வரை போகிற நீல ஒளியைப் பிடித்துக்கொள்ளத்தான் அதற்கு அந்தச் சிவப்பு நிறமி. திடீரென்று வெளிச்சத்தைக் கூட்டினால் வெளுத்தே போய்விடும். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு உறுதியான ஆதாரம் என் வாழ்நாளில் வேறெதிலும் கிடைத்ததில்லை. சின்ன நீல எல்.இ.டி.யே போதும் என்று முடிவானது. ராத்திரியில் ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரர், "கொசு மிஷின் இவ்ளோ பெரிசா எங்க சார் கிடைச்சுது?" என்று விசாரித்தார்.

வெளிச்சத்தில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. கால்சியம் 400-லிருந்து 450 பி.பி.எம்., காரத்தன்மை 8-லிருந்து 10 டி.கே.ஹெச்., மெக்னீசியம் சுமார் 1,300 என்று வைத்திருக்கவேண்டும். மெக்னீசியம் குறைந்தால் மற்ற இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஹீட்டர்மேல் வெள்ளையாகப் படியும். அதற்கு நான் குளியலறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனைக் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, ரோஸ் நிறம் எந்தச் சொட்டில் நீலமாகிறது என்று மூச்சுவிடாமல் பார்ப்பேன். "சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா முழிக்கிற மனுஷன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சொட்டுக் கணக்கு தவறிவிடும்.

அடுத்தது அம்மா. "வாயில்லா ஜீவன், பாவம்" என்று மீனுக்குக் கைநிறைய தீவனம் போடுவாள். தின்னாமல் அழுகுவது பாஸ்பேட்டாகும். பாஸ்பேட் ஏறினால் கோரலைன் சுண்ணாம்பு கட்டத் திணறும். அழையாத விருந்தாளியான பச்சைப் பாசியோ தலைமுடியாக வளரும். வெயில் காலத்தில் மின்சாரம் போய்த் தண்ணீர் சூடேறும் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

கோரலைன் விதைக்கு நத்தை வாங்கினேன். கூட்டில் ஊதாப்புள்ளி இருக்கிற நத்தையாகப் பார்த்துப் பொறுக்கியதைக் கடைப்பையன் ஒருமாதிரி பார்த்தான். அந்தப் புள்ளியைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கர் எதிரே தூள் பறக்கவிட்டேன்.

முளைத்தது. குண்டூசித் தலை அளவில் ஊதாப் பொட்டுகள். முதலில் வேவ்மேக்கரின் பிளாஸ்டிக்கில், பிறகு ஹீட்டரை ஒட்டியிருக்கும் ரப்பரில், அதன்பிறகு முன்கண்ணாடி முழுக்க. கல் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. கண்ணாடியைச் சுரண்டினால் அந்தத் தூளே மறுபடி விதையாகி, விட்ட இடத்திலும் முளைக்கிறது. மீன் தெரியவில்லை என்று அம்மா நாற்காலியைத் தொட்டியின் பக்கவாட்டுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தீவன டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள்.