கல்யாணக் காண்ட்ராக்டும் இலைக் கணக்கும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கல்யாணத்துக்கு ஆள் பேசுதல் என்பது, பெண் பார்த்து முடித்த மறுநாள் தொடங்கி, கட்டுசாதக் கூடை கிளம்பிய பின்பும் முடியாத செயல். இதன் தோற்றம் குறித்துச் சான்றுகள் குறைவு. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் உளுந்து சேர்ந்த களி, வரிசைக் கால் நட்ட பந்தல், பரப்பிய மணல், விளக்கு, மாலை எல்லாம் இருக்கின்றன. பந்தல்காரருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பது மட்டும் இல்லை. தொல்காப்பியர் கற்பியலில் கரணத்தைச் சொன்னார், காண்ட்ராக்டரைச் சொல்லவில்லை. அந்தச் சூத்திரம் செல்லரித்திருக்க வேண்டும். கிடைக்காததையெல்லாம் கரையான் கணக்கில் எழுதுவது ஆய்வுலக வழக்கம்.

முதலில் பிடிக்க வேண்டியது மண்டபம். ஆடியும் மார்கழியும் போக, மிஞ்சிய மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களுக்கு ஊரே போட்டி போடுவதால், தேதிக்கு மண்டபம் என்ற பழைய விதி மண்டபத்துக்குத் தேதி என்று மாறிற்று. வாடகைக்குள் கரண்ட் அடங்காது, ஜெனரேட்டர் டீசல் அடங்காது, கூட்டிப் பெருக்குவது அடங்காது. சுவர் அடங்கும்.

மேளம்: கெட்டிமேளம் என்று கேட்ட நொடியில் கொட்டுபவர் போதும்.

போட்டோகிராபர்: மாப்பிள்ளையின் நண்பர் அல்லாதவர்.

இனிச் சமையல். இது கூலிச் சமையல், இலைச் சமையல் என இருவகைப்படும். முன்னதில் சமையல்காரர் சாமான் லிஸ்ட் போடுவார், வீட்டார் வாங்கித் தருவர். முந்திரிப் பருப்பின் அளவில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. பின்னதில் இலைக்கு இவ்வளவு என்று பேச்சு. அப்படியானால் இலை என்பது யாது?

விரித்ததெல்லாம் இலை என்பது காண்ட்ராக்டர் மதம். உண்டதே இலை என்பது பெண்வீட்டார் மதம் (பெரிய மாமா, வாய்மொழி). இரண்டுக்கும் நடுவே கிடப்பன பல: கைக்குட்டை போட்டு இடம் பிடித்தும் ஆள் வராத இலை, குழந்தைக்கென்று போட்டு, அப்பளம் மட்டும் காணாமற்போன இலை, மின்விசிறிக் காற்றில் பறந்து, மாற்றி விரித்த இலை. டிரைவரும் வீடியோக்காரரும் உண்டவை உண்ட இலைதான் என்றாலும், உண்டவர் விருந்தாளி அல்லர் என்பாரும் உளர் (சின்னத் தாத்தா, பத்திரிகையின் பின்பக்கம், பென்சில் குறிப்பு, மஞ்சள் பட்ட இடத்தில் ஓர் எண் சிதைவு). முதற்பந்தியில் பாயசம் வருமுன் எழுந்துபோய், மூன்றாம் பந்தியில் மறுபடி உட்கார்ந்தவருக்கு இலை எத்தனை? இரண்டு என்பது அத்தை பாடம் (கைகழுவும் இடத்தில், வெற்றிலை வாயோடு சொன்னது, ‘ரெண்டு’, ‘உண்டு’ எனச் செவிக்குத் தெளிவில்லை). ஒன்றே என்பது சித்தி பாடம். உட்கார்ந்தவர் சித்தப்பா ஆதலால் இது இடைச்செருகல்.

எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பதில் பத்துப்பாட்டுக்கு உரை செய்த நச்சினார்க்கினியர் பேர்போனவர். காலை டிபன் இலையைக் கொண்டுபோய் மத்தியானச் சாப்பாட்டு இலையோடு கூட்டும் காண்ட்ராக்டர் அவர் மரபினரே. பந்திக்கு 100 நாற்காலி, 5 பந்தி, ஆக 500 இலை என்று அவர் உரை செய்வார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் பரிமாறிய பையன்கள் என்பது அவ்வுரையில் இடம்பெறாது.

ஐயம் உள்ளவர் மூலத்தையே பார்க்கலாம். மூல ஏடுகள் மண்டபத்தின் பின்புறம் குவிந்திருக்கும். ஆய்வாளர் போய்ச் சேர்வதற்குள் மாடுகள் பதிப்பு வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஆகவே, கேட்ட தொகைக்கும் கொடுக்க நினைத்த தொகைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில், பெரிய மாமா முன்னிலையில், கணக்கு தீரும். காண்ட்ராக்டருக்கு ஒரு வேட்டி, துண்டு. அவருடைய வேனில் ஏறும் ஒரு தூக்குப் பாயசத்துக்கு இலை போடாததால் அது எக்கணக்கிலும் வராது.