ஹிப்போகாம்பஸுக்கு ஒரு குறிப்பாணை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் தேர்ச்சிப் பட்டியலைக் கீழேயிருந்து மேலே படிப்பதுதான் எங்கள் தோல் பட்டறைச் சீமையின் வழக்கம். 2023இல் கடைசி இடம் ராணிப்பேட்டைக்கு. 2024இல் வேலூருக்கு. 2019இல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தவர்கள் ஆபீஸ், ஜீப், பெயர்ப்பலகையோடு கடைசி இடத்துக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

உடனே குறிப்பாணை இறங்கும். அதிகாரி தலைமையாசிரியரைக் கேட்பார், அவர் கணக்கு வாத்தியாரைக் கேட்பார், வாத்தியார் பிள்ளையைக் கேட்பார். பிள்ளைக்குக் கீழே கேட்க ஆளில்லை. ஆகவே, புதுச் செய்தியை நினைவாகப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியையே கேட்டுவிடலாம். திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்துப் பிள்ளை ஒருத்தியின் ஹிப்போகாம்பஸுக்கு நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்.

'காலை ஸ்பெஷல் கிளாஸில் நடத்திய சூத்திரத்தை மாலைக்குள் மறந்துள்ளீர். படித்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவும், நாள் விட்டு நாள் திரும்பிப் பார்த்தால்தான் நிற்கும் என எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே எழுதியிருப்பதாகத் தாங்கள் கூறுவது ஏற்கத்தக்கதல்ல. அன்னார் திருப்பத்தூர் மாவட்டத்தில் பணிபுரிந்தவர் அல்லர். பகலில் படித்தது இரவுத் தூக்கத்தில்தான் உறுதிப்படும், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்ற சாக்கும் நிராகரிக்கப்படுகிறது.'

தூங்குவதற்கு நேரம் ஏது? அம்மா விடிவதற்குள் ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறாள். சோறு வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, இவள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டியின் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றிப் போட்ட பீடிகளின் முனையை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். மடியில் அறிவியல் புத்தகம், நியூட்டனின் மூன்றாம் விதி, பக்கமெல்லாம் புகையிலைத் தூள். இவளுக்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் ஒரு ஸ்பெஷல் கிளாஸ்!

அதுவும் போதாதென்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வருவார்கள். வெயிலில் உட்கார்ந்த பிள்ளைகளிடம், 'நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்!' என்று முழங்குவார். சுத்தப் புளுகு. மூளை முழுவதும்தான் உழைக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. தின்ன என்ன கொடுத்தோம்? அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு கை கழுவிவிடுகிறது. வெறும் வயிற்றோடு வந்தவளைப் பார்த்து 'பசியோடு இரு, சாதிப்பாய்' என்று மைக்கில் சொல்ல வெட்கமாக இல்லையா?

ஊக்கம் மைக்கில் வராது. ஒரு கணக்கு தன் முயற்சியில் சரியாக வந்துவிட்டால் அடுத்ததைப் போடச் சொல்லி மூளையே நச்சரிக்கும். அந்த ஒரு கணக்குக்குக் கூட உட்கார ஆளில்லாமல், 'மெல்லக் கற்போர்' என்று பெயரெழுதிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆர்வமில்லை என்கிறோம்.

ஸ்லிப் டெஸ்ட் வைக்கிறோமே என்பார்கள். நல்ல ஆயுதம்தான். அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் பார்த்தது இது: ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அங்கே டெஸ்ட் படிப்பதற்கு ஒரு வழி. இங்கே மார்க் குறைந்தால் அப்பனைக் கூட்டிவரச் சொல்வதற்கு ஒரு வழி. அப்பனுக்கு அன்றைய கூலி போகும்.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் அங்கிருந்த தொலைநோக்கியிலும் பதிவானது. மலையடிவாரத்தில் இந்தப் பிள்ளையின் கண்ணைச் சுற்றியிருக்கும் கருவளையத்தைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் யாராவது தலையை நிமிர்த்தினால் போதும்.

குறிப்பாணையில் கடைசி வரி பாக்கி. 'இது கிடைத்த மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். அம்மூன்று நாட்களும் காலை, மாலை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு.'