ஆள் குறையலாம், சீர் குறையலாமா?

வில்லியனூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டோம். மூன்று ஞானிகளில் ஒருவர் பாகூரிலேயே பஸ்ஸைக் கோட்டைவிட்டார். இரண்டு பேரோடு சமாளித்தது வேதத்துக்கு விரோதமோ?

மத்தேயுவைப் புரட்டுங்கள். ஞானிகள் வந்தார்கள் என்கிறாரே தவிர, எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை. மூன்றாக வந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்தான். ஆள் குறையலாம், சீர்வரிசை குறையக் கூடாது!

அடுத்த முறை கூட்டத்தில் யாருக்காவது கிரீடம் வையுங்கள். திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்த ஊர் வில்லியனூர். யார் எந்தச் சாமி என்று கேட்காது.

இன்னொரு கேள்வி: யோனா வேஷக்காரர் அட்டை மீனின் வாயில் மாட்டிக்கொண்டாரே?

மூன்று நாளைக்குள் வெளியே எடுத்துவிட்டீர்கள்தானே? அப்புறமென்ன!