எமனுக்கும் மூணு ஷிப்ட்

மருமவனே, சித்திரை வெயில்ல ரோட்டுத் தாரே உருகற நெய்வேலியில, பனியில வண்டி இழுக்கற ஹஸ்கி நாயைக் கொண்டாந்து வெச்சிருக்கியே, உன் தைரியத்தை மெச்சணும். அதுக்குக் கட்டிலும் ஏசியும், உனக்கு ஹால்ல பாயும்னு உங்கம்மா சொன்னா. குத்தமில்ல. இடுப்புக்குப் பாய் நல்லது.

நீ போன்ல கேட்ட சந்தேகத்துக்கு வர்றேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டத்துச் சுவத்தைப் பாத்துக் கொரைக்குது, நம்ம கண்ணுக்குப் படாதது என்னமோ அதுக்குப் படுது, பரிகாரம் பண்ணணுமான்னு கேட்ட. தாராளமா பண்ணு. பூசாரி வந்து தட்சணைத் தட்டை நீட்டறதுக்கு முந்தி, ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போயி சுவத்தடியில பெருச்சாளிப் பொந்து இருக்குதான்னு மட்டும் பாத்துடு. குவார்ட்டர்ஸ்ல அதுங்க உனக்கு சீனியரு. எலி ஜாதி தங்களுக்குள்ள கீச்சுக் கீச்சுன்னு பேசறதுல நிறைய நமக்கு எட்டவே எட்டாது. நம்ம காது வினாடிக்கு 20,000 அதிர்வோட கடையைச் சாத்திடும். நாய்க்காது 45,000 வரைக்கும் திறந்திருக்கும். சுவத்துக்குள்ள குடும்பச் சண்டை நடக்குது, உன் நாய் பஞ்சாயத்துக்குக் கெளம்புது. இதுல ஆவி எங்கய்யா வந்துது?

சுரங்கத்துல வெடி வெடிக்கறதுக்கு முந்தியே எழுந்து நிக்குது, தெய்வாம்சம்னு வேற சொன்ன. கரிக்கு மேல கெடக்கற மணல்பாறை கெட்டி. வெடி வெச்சுத் தளர்த்தினாத்தான் பக்கெட் வீல் எந்திரம் அதை அள்ளும். இதை உனக்கு நான் சொல்றேன் பாரு, சுரங்கத்துல சம்பளம் வாங்கறவன் நீ! வெடிக்கு முந்தி சைரன் ஊதுவாங்களா, மாட்டாங்களா? அது நாய்க்குக் கேட்டுது. நீ செல்போனைத் தேச்சுக்கிட்டு இருந்த, உனக்குக் கேக்கல. இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. இடி முழங்கற மாதிரி அடித்தொண்டைச் சத்தத்துல நாமதான் நாயைவிட ஒசத்தி. நமக்கு 20 அதிர்வுலயே கேக்க ஆரம்பிக்கும், அதுக்கு 60ஐத் தாண்டணும். இதை உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை. அந்த வீட்ல நீயும் எதுலயோ ஜெயிச்சிருக்கன்னு தெரியட்டும்.

நாய் ஊளையிட்டா எமன் வர்றான்னு எங்கம்மா, அதான் உன் ஆயா, சொல்லிச் சொல்லியே தொண்ணூறு தாண்டினா. நகரியத்துல ஒரு வட்டத்துல ஒண்ணு ஆரம்பிச்சா அடுத்த வட்டத்துக்காரன் வரைக்கும் பதில் பாட்டுப் பாடறானுங்க. அத்தனைக்கும் எமன் வந்தே ஆகணும்னா, அவருக்கும் மூணு ஷிப்ட் போட்டு, பஸ் விட்டு, கேன்டீன்ல டோக்கன் குடுக்கணும்.

அதுக்காக, நாய்க்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்லல. சீக்கு அதுக்கு வாசனையாத் தெரியும். 2021ல நம்ம ராணுவக்காரங்க, கொரோனா வந்தவங்களோட வேர்வையையும் மூத்திரத்தையும் மோந்து கண்டுபிடிக்கற நாய்ங்களை டெல்லியில காட்டினாங்க. ஒண்ணு காஸ்பர்னு சீமை நாய். மத்தது ரெண்டும் ஜெயா, மணி. நம்ம தெக்கத்திச் சிப்பிப்பாறைங்க! கூழும் மோரும் ஊத்தி வளத்த ஜாதி, பட்டாளத்துல போயி மூக்கால உத்தியோகம் பாக்குது. நீ ஹஸ்கிக்குக் கட்டின பணத்துல ஒரு கூட்டமே வாங்கியிருக்கலாம், சரி, விடு. அந்த ஈர மூக்கு நுனி சில்லுன்னு இருக்குதே, அதால தொடாமலே ஒரு பொருளோட சூட்டைக்கூட உணரும்னு ஸ்வீடன், ஹங்கேரி ஆளுங்க 2020ல எழுதியிருக்காங்களாம். கால்நடை டாக்டருக்குப் படிக்கற பேத்தி சொன்னா. கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத.

அவ சொன்னதுல எனக்குப் பிடிச்சது வேற. செக்கு, ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிங்க ரெண்டு வருசம், 70 நாய்க்குப் பின்னாலயே போயி, அது வெளிக்கிப் போறப்ப எந்தத் திசையைப் பாத்துக் குந்துதுன்னு 1,893 தடவை குறிச்சிருக்காங்க. பூமியோட காந்தம் அமைதியா இருக்கறப்ப வடக்கு தெக்காக் குந்துதாம்! 2014ல அதுக்கு இக் நோபல்னு ஒரு கிண்டல் பரிசும் குடுத்தாங்க. நீ வாஸ்துக்காரனுக்குப் பணம் கட்டி வாசப்படியை மாத்தினியே, ஒருநாள் காலையில நாய் பின்னால போயிருந்தா இலவசமாவே திசை தெரிஞ்சிருக்கும்.

ஆனா எல்லாத்தையும் நாய் முன்கூட்டியே சொல்லிடும்னு நம்பி உக்காந்துடாத. இந்த மண்ணுக்கு அடியில கரி கெடந்தது எத்தனை தலைமுறையா? மேல நடந்த மனுசனும் சொல்லல, நாயும் சொல்லல. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் கெணறு வெட்டி, தண்ணியோட கருப்பு வந்தப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்துதே, முந்தின நாள் மத்தியானம் எங்க தெரு நாய் திண்ணையடியில சுருண்டு கொறட்டை விட்டுது. விடிஞ்சாப் பாத்தா முந்திரியும் பலாவும் வேரோட கெடக்குது. இலங்கை யாலாக் காட்டுப் பக்கம் சுனாமி நேரத்துல கழுத்துப்பட்டை மாட்டியிருந்த ரெண்டு யானையோட நடமாட்டத்தைப் பின்னால பாத்தாங்க. அதுங்களும் முன்கூட்டி ஒண்ணும் ஓடல.

சுனாமின்னதும் புதுச்சேரிப் பக்கம் சின்னக்காலாப்பட்டு நாயைச் சொல்லுவ, தெரியும். பேரு செல்வகுமார். ஆமா, நாய்க்குத்தான், ரேஷன் கார்டுல சேக்கலாம் போல நல்ல பேரு. அப்பன்காரன் கூரை மேல நின்னு அலையைப் பாத்துக் கத்த, தாய் சின்னதுங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஓடினா. ஏழு வயசுப் பையன் பின்னால வராம, கடலோரத்துக் குடிசைக்குள்ள போயி ஒளிஞ்சான். செல்வகுமார் அவன் பின்னாலயே போயி, கடிச்சு, முட்டி, தள்ளி மேட்டுக்கு ஏத்திவிட்டுது. கவனிச்சியா, கத்தினது மனுசன். அலை வர்றது நாய்க்கு முன்னாடியே தெரியல. பயந்தா இந்தப் பய எங்க போயி ஒளிவான்னு அதுக்குத் தெரிஞ்சிருந்துது.

அதான் நான் உன்கிட்ட சொல்ல வந்தது. உன் நாய் பேயைப் பாக்குதோ இல்லையோ, உன்னைப் பாக்குது. நீ கடையில என்னா தின்ன, எவன் தோள்ல கை போட்ட, லீவு போட்டுட்டு எங்க சுத்தின, டாக்டர் நிறுத்தச் சொன்ன பீடியை இன்னும் இழுக்கறியான்னு உன் சட்டையை மோந்தே தெரிஞ்சுக்கும். நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு வாசல்ல நிக்குதே, வீட்ல கெடக்கற உன் வாசனை மங்கற அளவை வெச்சு அது நேரத்தைக் கணக்குப் போடுதுன்னுகூட ஒரு கருத்து உண்டு. அதுக்கு வாய் பேச வராதது உன் குலதெய்வம் பண்ணின புண்ணியம்.

இனி காரியத்துக்கு வா. வாக்கிங்ல ஒவ்வொரு மரத்தடியிலயும் நின்னு மோக்குதுன்னு கயித்தை வெடுக்குனு இழுக்காத. ராத்திரி எவன் வந்தான், ஆணா பொண்ணா, எல்லாம் அங்க விசாரிச்சாவணும். தீவாளிக்கு உன் மவனை அதுங்கிட்ட சரம் கொளுத்த விடாத. வெறிநாய்க்கடி ஊசியை வருசம் தவறாமப் போட்டுடு. கடிச்சாலும் சரி, பல்லோ நகமோ பட்டுக் கீறினாலும் சரி, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு. மந்திரிக்கறதுக்கு ஆள் தெரியுமான்னு எனக்குப் போன் பண்ணாத.