கானமேளா ராத்திரிகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குமரி மாவட்டத்துப் புதுக்கடையைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும், நோட்டீஸ் கைக்கு வந்ததும் கண் ஓடுவது ஒரே வரியைத் தேடித்தான்: கானமேளா யாருடையது? பள்ளித் திருநாள், அம்மன் கோயில் விழா, ஓணத்துக்குக் கிளப்புகாரர்கள் நடத்தும் கலைநிகழ்ச்சி, குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சி என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சினிமாப் பாட்டுக் கச்சேரி வேண்டும். திருவனந்தபுரத்து ட்ரூப்பானாலும் நாகர்கோவில் ட்ரூப்பானாலும் நாங்கள் எதிர்பார்த்தது ஒன்றுதான். கேசட்டில் கேட்டது மேடையில் அப்படியே வர வேண்டும்.

அப்படியே வருவது லேசுப்பட்ட காரியமல்ல. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எங்கள் பக்கத்து கிட்டார்காரர் ஒருவர் அதைப் பிடித்த விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். டேப் ரெக்கார்டரைக் கொஞ்சம் ஓடவிடுவார், நிறுத்துவார், பின்னால் சுற்றுவார், மறுபடி ஓடவிடுவார். விரல் தேடித் தேடி இடத்தைக் கண்டுபிடிக்கும். பேட்டரி இறங்கினால் சுருதியும் இறங்கிவிடும். முந்தின நாள் எழுதிவைத்த நோட்டு பொருந்தாது. சென்னை ஸ்டூடியோவில் ஒரு கூட்டமே சேர்ந்து வாசித்த வயலின் பகுதியை இங்கே ஒரு கீபோர்டு தாங்க வேண்டும். எதை விட்டால் பாட்டு சாயும், எதை விட்டால் தெரியாது என்று அவர்தான் முடிவு செய்வார். “காப்பின்னு லேசா சொல்லிருவாவ மக்கா, ஒரு நோட்டு மாறினா அவியதான் முதல்ல கூவுவாவ” என்பார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நல்ல இசையறிவு இல்லாமல் அந்த வேலை நடக்காது.

கூட்டமும் சும்மா கேட்கிற கூட்டமல்ல. மூச்சுவிடாமல் பாடுவதற்குப் பேர்போன, ‘கேளடி கண்மணி’யின் ‘மண்ணில் இந்தக் காதல்’ தொடங்கினால், பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று முன்வரிசை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். மேடைக்குப் போகும் அடுத்த துண்டுச்சீட்டில் ‘ஆறாம் தம்புரான்’ மலையாளப் படத்து ‘ஹரிமுரளீரவம்’ கேட்டிருப்பார்கள். 1997க்குப் பிறகு அதைப் பாடத் தெரியாத ட்ரூப்புக்கு இங்கே மரியாதை இல்லை. மலையாளம் பேசும் மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஊர் புதுக்கடை. அந்த ஊரின் மேடையில் யேசுதாசின் மலையாளப் பாட்டுக்கு ஒருநாளும் தடை இருந்ததில்லை. எனக்கு இதில் பெருமை உண்டு.

இன்றைக்கு மேடை பெரிது. எல்இடி திரை, புகை, சுழலும் விளக்கு எல்லாம் இருக்கிறது. பல விழாக்களில் வாசிக்கத்தான் ஆளில்லை. லேப்டாப்பில் பாடகர் குரலை நீக்கிய மைனஸ் ட்ராக் ஓடுகிறது, பாடுகிறவர் போனைப் பார்த்துப் பாடுகிறார். சுருதி பிசகவே பிசகாது. ஆனால் கூட்டம் ஆடத் தொடங்கினால் சரணத்தை இன்னொரு சுற்று நீட்ட அந்த ட்ராக்குக்குத் தெரியாது. தபலா, கிட்டார் வாசித்தவர்களில் பலர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள்.

இதே காலத்தில்தான் இசையமைப்பாளர்கள் தங்கள் பழைய பாட்டுகளை முழு ஆர்கெஸ்ட்ராவோடு, ரெக்கார்டில் இருப்பதுபோலவே வாசித்துக் காட்ட, ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கிறது. அன்று மட்டமாகப் பேசப்பட்ட வேலைக்கு இன்று மைதானம் நிறைகிறது. இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையேறியவர், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். அனுமதியின்றித் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று 2017இல் அதே பாலசுப்ரமணியத்துக்கு அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். படைத்தவருக்கு உரிமைத் தொகை சேரத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பாட்டைக் கிராமத்து முற்றம்வரை சுமந்துவந்தவர்களுக்கும் ஒரு பங்கு மதிப்பு சேர வேண்டாமா?

வெளிநாட்டில் அந்த மதிப்பு சேர்ந்திருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் கச்சேரிகளை அச்சு அசலாக நிகழ்த்தவென்றே 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய குழு ஒன்று இன்றும் நாடு நாடாகப் போகிறது. பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர், 1996இல் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் அவர்களையே வாசிக்க வைத்தார்.

எங்கள் ஊர் விழாக் கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டு. வெடிக்கட்டுக்கும் விளக்குக்கும் ஒதுக்குவதில் கொஞ்சம் குறைத்து, ஒரு ராத்திரியாவது ஆள் வாசிக்கிற கானமேளா வையுங்கள். நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே கிட்டார், கீபோர்டு, தபலா, டிரம்ஸ் வாசிப்பவர்களின் பெயரையும் போடுங்கள். அச்சுக்கூலி ஒன்றும் கூடிவிடாது.