பீட்டரின் பிற்காலம்

கேள்வி: ‘சர்வம் தாளமயம்’ படத்தில் மிருதங்கம் பயின்ற பீட்டர், பிற்காலத்தில் என்ன ஆகியிருப்பான்?
— வாசகி ஒருவர், காட்டூர், பழவேற்காடு

பதில்: 2019-இல் ராஜீவ் மேனன் திரையில் உலவவிட்ட அவ்விளைஞன் மகாவித்வானாகிப் பொன்னாடைகளுக்குள் புதைந்திருப்பான் என்றால் தங்கள் மனம் குளிரும், ஆயினும் பலாக்கட்டைக்குப் பசு, ஆடு, எருமை மூன்றன் தோலையும் பதமறிந்து பூட்டும் தகப்பனாருக்குப் பிறந்தவனாதலின், நாதம் வாசிக்கும் விரலுக்கு மட்டுமே சொந்தமென்று அவன் ஒருகாலும் ஒப்பியிரான் என்பதே என் துணிபு. மிருதங்கம் செய்யும் இக்கைவினைஞர்களின் சரித்திரத்தைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக எழுதினார். நம் பீட்டரோ கச்சேரிதோறும் வாசிப்பவர் பெயரோடு வாத்தியம் செய்தவர் பெயரையும் மேடையிலேயே அறிவிக்கச் செய்திருப்பான். (அந்த வழக்கம் கதையில் மட்டும் நின்றுவிடலாகாது.)

சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ ஜனங்களின் நடுவே 2015-இல் சங்கீத விழா தொடங்கியதல்லவா? அவ்வழியே வடக்கே நடந்து, தங்கள் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கும் ஆதி தாளம் போதிக்க அவன் வந்தே தீருவான். அதுவரை காத்திராமல், பலகையைத் தட்டும் பிள்ளையைத் திட்டாது, நல்லதொரு குருவிடம் இப்போதே சேர்த்துவிடுங்கள், அம்மா.