பூட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார்

மென்பொருள் பாடத்தில் வெர்ஷன் கன்ட்ரோல் என்று வந்தாலே, ஏதோ ஞானிகள் கூடி உலக நன்மைக்காக அருளியதுபோலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வரலாறு அவ்வளவு யோக்கியமானதல்ல.

1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட், நிரலின் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எஸ்சிசிஎஸ் என்ற மென்பொருளை எழுதினார். பத்து வருடம் கழித்து வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ் வந்தது. இரண்டிலும் சட்டம் ஒன்றுதான்: திருத்த வேண்டிய கோப்பை எடுத்துப் பூட்டுப் போடுங்கள், நீங்கள் விடும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. மாமியார் கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் போனால் வீடு என்ன பாடுபடுமோ, புராஜெக்டும் அந்தப் பாடுதான் பட்டது.

1984-ல் ஆம்ஸ்டர்டாமில் இது முற்றியது. டிக் க்ரூன் என்கிற ஆசிரியர் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதே பிழை. மூவரும் ஒரே நேரத்தில் உட்காரவில்லை. ஒரு மாணவர் காலை ஒன்பதுக்கு வந்து ஐந்துக்குக் கிளம்பும் உத்தமர். இன்னொருவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. (இந்த இருவரும் எல்லாக் கல்லூரியிலும் ஒரே டீமில்தான் இருப்பார்கள்.) ஆசிரியருக்கோ மாலையில்தான் ஒழிவு. நம் ஊர் ஹெச்ஓடியாக இருந்தால் அட்டெண்டன்ஸில் கைவைத்திருப்பார். க்ரூன் ஆர்சிஎஸ்ஸின் தலையில் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை ஏற்றி, பூட்டையே தூக்கி எறிந்தார்: எல்லோரும் திருத்துங்கள், பிறகு ஒட்டிக்கொள்ளலாம், முட்டினால் பேசிக்கொள்ளுங்கள். அதுதான் சிவிஎஸ். 1986-ல் அதை ஊருக்கே கொடுத்தார். முட்டிய இடத்தை மேலே ஏழு, கீழே ஏழு அம்புக்குறிகளுக்கு நடுவில் காட்டும் வழக்கம் சிவிஎஸ்ஸிலேயே உண்டு. இன்று கிட்டில் அதைப் பார்த்துத்தான் இரவு ஒரு மணிக்கு உங்களுக்கு வியர்க்கிறது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸுக்கு சிவிஎஸ் என்றால் ஆகாது. பத்து வருடத்துக்கு மேல் லினக்ஸ் கெர்னலின் திருத்தங்களை மின்னஞ்சலில் வாங்கிக் கையாலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். 2002-ல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளுக்கு மாறினார். அன்று அது லினஸ் கூட்டத்துக்கு இலவசம், ஆனால் பயன்படுத்துகிறவர் அதற்குப் போட்டியாக ஒன்றைச் செய்யக் கூடாது. அந்த உரிமத்தில் தலைகொடுக்காத ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலர், பிட்கீப்பர் சர்வரோடு டெல்நெட்டில் இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டினார். அது கட்டளைப் பட்டியலை ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. கோபித்துக்கொண்ட நிறுவனம் இலவசத்தை நிறுத்தியது. லினஸ் டிரிட்ஜெலைத் திட்டினார். திட்டி முடித்து, 2005 ஏப்ரல் 3-ல் கிட் எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி கிட் தன் நிரலைத் தானே சேமித்துக்கொண்டிருந்தது. அந்த முதல் கமிட்டின் செய்தியிலேயே அதை நரகத்திலிருந்து வந்த சரக்கு என்று எழுதிவைத்தார். ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவர் தலையில் கட்டிவிட்டுக் கெர்னலுக்குத் திரும்பினார்.

ஆகவே மாணவமணிகளே, 'ஃபைனல்_2_சார்_சொன்னது' என்று ஜிப் கோப்பு சேர்ப்பதை நிறுத்துங்கள். இன்றைக்கே 'கிட் இனிட்' போடுங்கள். கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நரகம் பற்றி எழுத லினஸுக்கு மட்டும்தான் அனுமதி. முக்கியமாக, படுக்கப் போகுமுன் புஷ் செய்யுங்கள். வைவா அன்று உங்கள் டீம்மேட் போனை எடுக்க மாட்டார்.